இரண்டு தரம் ஆடிய வெளிச்சம்

மாவனல்லை
18.02.2024

மரியாதைக்குரிய அழகம்மா அக்காவுக்கு,

இல்ஹாம் எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஜனவரி ஒன்பதாம் தேதி விடியப்புறம் உங்கள் கணவர் நல்லையா அண்ணனை மோதிய வாழைக்குலை லொறியை ஓட்டியவன் நான்தான். நீங்களும் மகளும் சுகமா என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

போனில் பேசலாம் என்றால் என் லோயர் விடமாட்டேன் என்கிறார். "ரெண்டு பக்கமும் பேசினீங்கன்னு தெரிஞ்சா இன்ஷூரன்ஸ்காரன் கூட்டுக் களவுன்னு சொல்லி நஷ்ட ஈட்டை நிப்பாட்டிருவான்" என்கிறார். அதனால்தான் கடிதம். பதினான்கு நாள் விளக்கமறியல் சிறையில் இருந்துவிட்டு வந்தேன். டிரைவிங் லைசன் கோர்ட்டில் இருக்கிறது. நேரில் வந்து மன்னிப்புக் கேட்கச் சொல்லி மனைவி ஹபீலா ஒரு நாள் பஸ் ஏற்றிவிட்டாள். விபத்து நடந்த கொறக்கா மரத்து வளைவுக்கு முன்னாலேயே இறங்கித் திரும்பி வந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்கு அந்த வளைவில் கையில் வெளிச்சத்தோடு ஒரு பெண் நின்றாள். அப்படி யாருமே இல்லை என்று பொலிஸில் சொல்கிறார்கள். வாயே திறக்காதே என்று லோயரும் சொல்கிறார். அங்கே ரப்பர் தோட்டத்தில் இருப்பவர் நீங்கள். அது யார் அக்கா?

துஆவில் உங்கள் வீட்டாரையும் சேர்த்துக்கொள்கிறேன்.
இல்ஹாம்


மேல் டிவிசன் லயம்
03.03.2024

இல்ஹாம் என்பவருக்கு,

தம்பி என்று எழுத மனசு வரவில்லை. வேறு எப்படி எழுதுவதென்றும் தெரியவில்லை. சுகம் கேட்டிருந்தீர்கள். எனக்குக் காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, புருஷன்தான் இல்லை. மகள் ஷாமிளா பள்ளிக்கூடம் போகிறாள்.

அந்த நேரத்தில் ரோட்டில் பொம்பளை யாரும் இல்லை. வழக்கமாக நானும் அவரும் சேர்ந்துதான் ரப்பர் பால் வெட்டப் போவோம். அன்றைக்கு மேலுக்கு முடியாமல் நான் லயத்து வீட்டில் படுத்திருந்தேன். பொலிஸிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆளை அடித்துப் போட்டுவிட்டு இப்போது பேய்க்கதை சொல்ல வந்திருக்கிறீர்கள். குடித்திருந்தீர்களா?

தோட்டத்துக்கு வருகிற கடிதத்தை எனக்கு முன்னால் கணக்கப்பிள்ளை படித்துவிடுவார். இனிமேல் இங்கே அனுப்ப வேண்டாம். எழுதியே ஆகவேண்டும் என்றால், நான் கேட்கவில்லை, கரவனெல்லையில் ஸம்சுதீன் புடவைக் கடைக்குப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் டவுனுக்குப் போவேன்.

இப்படிக்கு,
ந. அழகம்மா

அந்தப் பொம்பளை என்ன செய்தாள் என்று நீங்கள் எழுதவில்லை.


மாவனல்லை
12.03.2024

அழகம்மா அக்காவுக்கு,

இன்று முதல் நோன்பு. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு வயிறு பசிக்கவில்லை. வீட்டில் எல்லோரும் நலம். சாராயத்தை நான் தொட்டதே இல்லை அக்கா, பிள்ளை மேல் சத்தியம்.

அவள் நடு ரோட்டில் நின்றாள். முகம் தெரியவில்லை. கையில் இருந்த வெளிச்சம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு தரம் ஆடியது. இரண்டே தரம். எம்பிலிப்பிட்டியவில் குலை ஏற்றுகிற டிரைவர்மாருக்கெல்லாம் அவளைத் தெரியும். முதல் பயணத்திலேயே மூத்த டிரைவர் புவாட் நானா எனக்குச் சொன்னார்: "கொறக்கா மரத்து வளைவுல ஒருத்தி வெளக்கக் காட்டிக் கூப்புடுவா. கண்டா கலிமாவ ஓதிட்டுப் போய்க்கிட்டே இரி. நிப்பாட்டினா ஏறி ஒக்காந்துக்குவா, பொறகு எறங்கமாட்டா." மூன்று வருஷம் அந்த வழியில் ஓடினேன். அன்றைக்குத்தான் கண்டேன்.

இன்னொன்று. போன கிழமை கரண்ட் போனபோது என் மகள் ஸம்ஹா டோர்ச்சை எடுத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். ஐந்து வயசுப் பிள்ளை. இரண்டு தரம் ஆட்டினாள். "யாருக்கு மகள் காட்டுறீங்க?" என்று கேட்டேன். "லொறிக்கு" என்றாள். இரண்டு தரம் என்பதை இந்த வீட்டில் ஹபீலாவிடம்கூட நான் சொன்னதில்லை.

நோன்பு திறக்கும் நேரம். உங்களையும் நினைத்துக்கொள்கிறேன்.
இல்ஹாம்


மேல் டிவிசன் லயம்
21.04.2024

இல்ஹாமுக்கு,

சித்திரை வந்தது, போனது. நாங்கள் துக்க வீடு, பலகாரம் சுடவில்லை. உங்கள் வீட்டில் பெருநாள் நல்லபடியாகப் போயிருக்கும். பிள்ளைக்குச் சுகமா? அவளிடம் டோர்ச் கொடுக்காதீர்கள்.

லயத்துக்குப் பின்னால் மண்மேடு வெடித்திருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் சரியலாம் என்று அரசாங்கக் கச்சேரி ஆபீஸிலிருந்து வந்து சிவப்பு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். குசினிச் சுவர் வெடிப்பில் என் கை மணிக்கட்டு வரை போகிறது. வேறு இடத்தில் ஏழு பேர்ச் காணி தருகிறார்கள். வீட்டை நாங்கள்தான் கட்டவேண்டும். அதற்கு எனக்கிருக்கும் ஒரே வழி அவருடைய நஷ்ட ஈடு. "ஒங்க பக்கம் ஒரு சொட்டுப் பிழையும் இருக்கக் கூடாது. இருந்தா பாதியா வெட்டிருவாங்க" என்று என் லோயர் சொல்லியிருக்கிறார். விடியும் முன்னே மண் விழும் சத்தம் கேட்டால் மகளை உலுக்கி எழுப்பி வாசலில் உட்கார்ந்துவிடுகிறோம்.

யாரிடமும் கேட்க முடியாததை உங்களிடம் கேட்கிறேன். அடிபட்ட பிறகு அவருக்கு உயிர் இருந்ததா? ஏதாவது சொன்னாரா?

இந்த வீட்டில் ஒரு ட்ரங்குப் பெட்டி இருக்கிறது. அதில் என் நெத்தி லைட்டை, பால் வெட்டப் போகிறவர்கள் தலையில் கட்டுகிற லைட்டை, பூட்டி வைத்திருக்கிறேன். பேட்டரியைக் கழற்றிவிட்டேன். ஆனாலும் சாவித் துவாரத்தில் வெளிச்சம் தெரிகிறது. திறந்தால் இல்லை. ஷாமிளாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஒன்னுமில்லையேம்மா" என்கிறாள்.

அழகம்மா


மாவனல்லை
30.04.2024

அன்புள்ள அழகம்மா அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. டோர்ச்சை ஒளித்து வைத்துவிட்டேன். ஸம்ஹா வெறுங்கையை ஆட்டுகிறாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத ஒரு கிழமை ஆனது. உயிர் இருந்தது அக்கா. லொறியை நிறுத்திவிட்டு டோர்ச்சோடு ஓடினேன். ரோட்டுக் கரையில் கிடந்தார். தலையை மடியில் வைத்துக்கொண்டு சிங்களத்திலும் தமிழிலும் கத்தினேன். யாரும் வரவில்லை. அவர் தண்ணீர் கேட்கவில்லை, வலிக்கிறது என்று சொல்லவில்லை. இடக்கையைத் தூக்கி ரப்பர் மரங்கள் பக்கம் காட்டினார். "அந்தா நிக்கிறா. இருட்டுல பயப்படுவா, கூட்டிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான்.

டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். மரங்களைத் தவிர ஒன்றுமில்லை. சாகப் போகிறவரும் அவளைக் கண்டிருக்கிறார்.

உங்களைக் கஷ்டப்படுத்தியிருந்தால் மன்னியுங்கள்.
இல்ஹாம்


மாவனல்லை
02.06.2024

அழகம்மா அக்காவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. மழை பிடித்துக் கொட்டுகிறது. ரேடியோவில் கேகாலைப் பக்கம் மண்சரிவு என்றால் ஊர்ப் பெயர் சொல்லும்வரை சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்கிறேன். நீங்களும் பிள்ளையும் சுகமா என்று ஒரு வரி போதும்.

எனக்கு நித்திரை போய்விட்டது. கண்ணை மூடினால் அந்த வெளிச்சம் ஆடுகிறது. உம்மா மௌலவியிடம் கூட்டிப்போய்த் தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்தார். ஊரில் "பேய் புடிச்ச டிரைவர்" என்கிறார்கள். ஜூலை பதினைந்தாம் தேதி விசாரணை. முழுப்பிழையும் என் தலையில்தான் விழும், ஜெயிலுக்கு ஆயத்தமாக இரு என்று லோயர் சொல்லிவிட்டார்.

இல்ஹாம்


மேல் டிவிசன் லயம்
20.06.2024

தம்பி இல்ஹாமுக்கு,

உயிரோடு இருக்கிறோம். இன்றுதான் தம்பி என்று எழுதுகிறேன், பாருங்கள். இதற்கு ஐந்து கொப்பித் தாள் கிழித்தேன்.

நீங்கள் கண்டது பேய் இல்லை. நான்தான்.

முதல் நாள் அவர் தன்னுடைய லைட்டைப் பக்கத்து வீட்டு முத்துவீரனுக்கு இரவல் கொடுத்துவிட்டார். ஊரான் கேட்டால் கோவணத்தையும் அவிழ்த்துக் கொடுக்கிற மனுஷன். விடியற்காலையில் ஒரு லைட்டில் இரண்டு பேர் நடக்கவேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எரவல் குடுத்த புண்ணியவான், குருடன் மாதிரி பின்னால வா" என்று ஏசிவிட்டு, லைட்டை நெற்றியில் கட்டிக்கொண்டு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். "சரிங்க தொரசாணி" என்று சிரித்தார். நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான்.

வளைவில் லொறிச் சத்தம் கேட்டது. ரப்பர் பால் ஏற்றுகிற எங்கள் பவுசர் லொறி என்று நினைத்தேன். பவுசர் வெறுமையாக மேலே போகிற நேரம் அது. லைட்டைக் கையில் எடுத்து இரண்டு தரம் ஆட்டினால் நிறுத்தி ஏற்றிக்கொள்ளும். எங்கள் அம்மா காலத்தில் பந்தத்தை ஆட்டினார்கள். எத்தனையோ வருஷமாக அந்த வளைவில் வெளிச்சம் ஆட்டுகிற பொம்பளைகள் நாங்கள்தான். உங்கள் டிரைவர்மாரைக் கலிமா ஓதவைத்த பேய் பால் வெட்டுகிறவள்தான், தம்பி. சிரிக்க முடிந்தால் சிரியுங்கள்.

அவசரத்தில் நடு ரோட்டுக்கே இறங்கி ஆட்டினேன். நீங்கள் என்னை விலக்கி மற்றப் பக்கம் திருப்பினீர்கள். அந்தப் பக்கம் அவர் வெளிச்சமில்லாமல் வந்துகொண்டிருந்தார். மோதிய சத்தம் கேட்டதும் லைட்டை அணைத்துவிட்டு ஒரு ரப்பர் மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். ஏன் அணைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் கத்தியது கேட்டது. உங்கள் டோர்ச் வெளிச்சம் எனக்குப் பக்கத்து மரத்தில் விழுந்தது. மரத்தோடு ஒட்டிக்கொண்டேன். பிறகு குறுக்குப் பாதையில் லயத்துக்கு ஓடி ஆட்களை எழுப்பினேன். "நீ எங்க இருந்த?" என்று முத்துவீரன் கேட்டான். "வீட்டுல" என்று வாய் முந்திக்கொண்டது. சொன்னது சொன்னதுதான், பிறகு மாற்ற வழியில்லை.

இருட்டில் பயப்படுவாள் என்று அவர் சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள். பதினைந்து எட்டு வைக்கிற தூரத்தில் நின்றேன், தம்பி. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். நான் போகவில்லை.

இப்போது சொன்னால் நஷ்ட ஈட்டில் பாதி போகும், என் பிள்ளை மண்ணுக்குக் கீழே படுக்கவேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் சாகும்வரை ஓதின தண்ணீர் குடிக்கவேண்டும். என்ன செய்ய, சொல்லுங்கள்.

அழகம்மா


மாவனல்லை
28.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தோடு முற்றத்தில் உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அழுதேன். ஹபீலா பயந்து உம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள். கோபமும் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆறு மாதம் அக்கா. பள்ளிவாசலில்கூட என் பக்கத்தில் நிற்கக் கூச்சப்பட்டார்கள்.

ஆனால் என் பிழையையும் கேளுங்கள். வெளிச்சத்தைக் கண்டதும் என் கால் பிரேக்கில்தான் இருந்தது. அதை எடுத்து எக்ஸலேட்டரை மிதித்தேன். புவாட் நானா சொன்ன மாதிரி நிற்காமல் பறக்கப் பார்த்தேன். பிரேக் பிடித்திருந்தால் லொறி நின்றிருக்கும். உங்கள் கணவர் இப்போது உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பார். இதை லோயருக்கும் சொல்லவில்லை, ஹபீலாவுக்கும் சொல்லவில்லை.

என்ன செய்ய என்று கேட்டீர்கள். நீங்கள் சொன்னால் நானும் சொல்வேன். நீங்கள் வாய் திறக்காவிட்டால் நானும் திறக்கமாட்டேன், முழுப்பிழையையும் ஏற்றுக்கொள்வேன். உங்களுக்கு வீடு முக்கியம். இந்தக் கடிதத்தை எரித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. நீங்கள்தான் அவள் என்றால், என் மகளுக்கு இரண்டு தரம் ஆட்டச் சொல்லிக் கொடுத்தது யார்?

அல்லாஹ் உங்களுக்கு நல்ல வழி காட்டட்டும்.
இல்ஹாம்


மேல் டிவிசன் லயம்
21.07.2024

தம்பி இல்ஹாமுக்கு,

ஹபீலாவும் ஸம்ஹாவும் சுகமா? கோர்ட் வாசலில் உங்களைப் பார்த்தேன். இவ்வளவு மெலிந்த ஆளா என் வீட்டைக் குலைத்தது என்று நினைத்தேன்.

கூண்டில் ஏறியபோதுகூட முடிவு செய்திருக்கவில்லை. "வீட்டில் படுத்திருந்தீங்கதானே?" என்று லோயர் எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நடு ரோட்டுல நின்னேனுங்க" என்று வந்துவிட்டது. பிறகு நீங்கள் எழுந்து எக்ஸலேட்டர் கதையைச் சொன்னீர்கள். உங்களுக்குத் தண்டப்பணத்தோடு லைசன் திரும்பக் கிடைத்தது சந்தோஷம். இன்ஷூரன்ஸ்காரர்கள் பிழை பாதிப் பாதி என்று முடித்துவிட்டார்கள். அந்தக் காசுக்குச் சுவர் எழும்பும், கூரை எழும்பாது. பார்ப்போம்.

லயத்தில் ஏச்சுக்குக் குறைவில்லை. "லைட்ட ஆட்டிப் புருஷன எமனுக்குக் காட்டிக் குடுத்தவ" என்கிறார்கள். முத்துவீரன் மட்டும் இரவல் வாங்கின லைட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனான். நான் அதைத் தொடவில்லை. ஷாமிளா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "அன்னைக்கே சொல்லியிருந்தா ஒன்னோட சேர்ந்து அழுதிருப்பேனேம்மா" என்றாள்.

பெட்டியில் இருந்த லைட்டுக்கு ஒரு வழி செய்துவிட்டேன். இப்போது சாவித் துவாரம் இருட்டாக இருக்கிறது. பார்த்து ஓட்டுங்கள்.

அக்கா அழகம்மா


மாவனல்லை
19.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். ஸம்ஹா இப்போது கையை ஆட்டுவதில்லை. கேட்டால், "அந்த மாமாக்கு இப்ப இருட்டுல தெரியும்" என்கிறாள். எந்த மாமா என்று நான் கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி குலை ஏற்றிக்கொண்டு வந்தேன். கூட வர யாரும் சம்மதிக்கவில்லை, தனியாகத்தான். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் கொறக்கா மரத்து வளைவு. வெளிச்சம் ஆடியது. இரண்டு தரம்.

பிரேக் பிடித்தேன் அக்கா. லொறி நின்றது. நீங்கள்தான் என்று நினைத்து, "ஏறுங்க அக்கா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மற்றப் பக்கக் கதவு திறந்து மூடியது. சீட் அமுங்கியது. ரப்பர் பாலும் அதை உறைய வைக்கிற அசிட்டும் கலந்த வாசம் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஓதிக்கொண்டே முதல் கியரில் உருட்டிப்போய், தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோருக்குத் திரும்புகிற இடத்தில் நிறுத்தினேன். "எறங்குங்க அண்ணே" என்றேன். ஏன் அண்ணே என்று சொன்னேனோ தெரியாது. சீட் மேலே எழும்பியது.

மாவனல்லையில் குலை இறக்கும்போது பார்த்தேன். முன் கண்ணாடியில், உள் பக்கம், ரப்பர் பால் காய்ந்த ஒரு கை அடையாளம். ஐந்து விரலும் தெரிகிறது. இடக்கை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அங்கே நின்றது நீங்கள்தான் என்று எழுதிவிடுங்கள் அக்கா. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் தம்பி,
இல்ஹாம்


மேல் டிவிசன் லயம்
01.09.2024

அன்புத் தம்பி இல்ஹாமுக்கு,

நானும் ஷாமிளாவும் சுகம். அத்திவாரம் வெட்டியாகிவிட்டது.

உங்களுக்காக ஒரு பொய் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு பொய் என்னைப் படுத்திய பாடு போதும். அது நானில்லை. விசாரணைக்கு மறுநாள் என் நெத்தி லைட்டைக் கொண்டுபோய் அவர் குழிமேட்டில் முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்தேன். பேட்டரி போடவில்லை. "இந்தா, இனி நீயே முன்னால போ" என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் கடிதம் வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். மண் கிளறியிருக்கவில்லை. மேலே புல் முளைத்திருக்கிறது.

அவர் இடக்கைக்காரர். பால் வெட்டுவதும் அந்தக் கையால்தான். கண்ணாடியில் இருப்பதை உரிக்காதீர்கள், தானாக உதிரும்வரை இருக்கட்டும்.

எனக்குப் பயமில்லை, தம்பி. இன்னும் அந்த ரோட்டில்தான் அதே நேரத்துக்கு வேலைக்குப் போகிறேன். புது லைட் வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன். அவர் முன்னால் போகிறார். வளைவு வந்ததும் எனக்காக நின்று லொறிக்குக் காட்டுகிறார். அன்றைக்கு நான் எட்டி நடந்து சேர்வதற்குள் நீங்கள் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்கள்.

அடுத்த தடவை வெளிச்சம் ஆடினால், நிறுத்தியதும் உடனே எடுத்துவிடாதீர்கள். மற்றப் பக்கமும் ஒரு தரம் நன்றாகப் பாருங்கள். வெளிச்சம் இல்லாமல் பின்னால் வந்துகொண்டிருப்பது நான்.

உங்கள் அக்கா,
அழகம்மா